கடலின் கணக்கும் கரையின் எல்லையும்

பேராக் மாநிலத்தின் தலைநகராகிய ஈப்போவிலிருந்து தெற்கே கோப்பெங் நோக்கிச் செல்லும் பழைய நெடுஞ்சாலையில், சில கல் தொலைவில் அமைந்தது சிம்பாங் பூலாய். கேமரன் மலைக்கு ஏறும் சாலை இங்கேதான் கிழக்கே பிரிகிறது. ஊரைச் சுற்றிச் சுண்ணாம்புக் குன்றுகள் செங்குத்தாக எழுந்து நிற்கின்றன. அவற்றின் அடிவாரத்தில் ஒரு காலத்தில் ஈயச் சுரங்கங்களும் ரப்பர்த் தோட்டங்களும் இருந்தன. இன்று கல்லுடைக்கும் ஆலைகளும் புதுக் குடியிருப்புகளும் இருக்கின்றன. லூமுட் கடற்கரைக்குச் செல்ல வேண்டுமானால் எண்பது கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்ய வேண்டும். இத்தகைய ஓர் உள்நாட்டு ஊரைக் கடலோடு சேர்த்துப் பேசுவது முதற்பார்வைக்குப் பொருந்தாததாகவே தோன்றும்.

ஆயினும், அக்குன்றுகளே கடல் தந்தவை. ஏறத்தாழ 25 கோடி முதல் 40 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், கிந்தாப் பள்ளத்தாக்கு இருக்குமிடத்தில் ஆழமற்ற வெப்பக்கடல் பரவியிருந்தது. அக்கடலில் வாழ்ந்து மடிந்த பவளங்களும் சிப்பிகளும் பிற உயிர்களும் படிந்து இறுகிச் சுண்ணாம்புக் கல்லாயின; சில இடங்களில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் சலவைக்கல்லாயின. இன்று அக்கல்லைப் பொடியாக்கித் தாள், சாயம், நெகிழிப் பொருள் ஆகியவற்றில் சேர்க்கின்றனர். கடல் விட்டுச்சென்ற செல்வம் மறுபடியும் கப்பலேறிக் கடல் கடக்கிறது. இவ்வருவாய் கடலின் கணக்கைச் சேர்ந்ததா, நிலத்தின் கணக்கைச் சேர்ந்ததா? எந்தப் புள்ளியியல் அலுவலகத்தைக் கேட்டாலும், தயக்கமின்றி நிலத்தின் கணக்கு என்றே விடை வரும். அவ்விடை சரியானதே. ஆனால், அவ்விடையைக் கூறுவதற்கு முன்னர் யாரோ ஒருவர் எங்கோ ஓர் எல்லைக் கோட்டைக் கிழித்திருக்க வேண்டும். கடல்சார்ந்த பொருளியலை அளக்க முற்பட்ட ஆய்வுகளின் வரலாறு, பெரும்பகுதியும் அந்தக் கோட்டின் வரலாறேயாகும்.

தமிழர்க்கு இவ்வளவை புதியதன்று. காவிரிப்பூம்பட்டினத்தின் சுங்கத்துறையைப் பட்டினப்பாலை காட்டுகிறது. கடலிலிருந்து கரைக்கு வந்தவையும் கரையிலிருந்து கடலுக்குச் செல்பவையுமாகிய சரக்குகள் மலைபோல் குவிந்து கிடக்க, சோழனின் புலிச் சின்னத்தைப் பொறித்துக் காவலர் வெளியே விடுகின்றனர் என்பது அப்பாட்டின் செய்தி. அச்சின்னம் பெற்றது கணக்கில் ஏறியது, பெறாதது ஏறவில்லை. மேற்குக் கடற்கரையின் முசிறியைப் பற்றிய சான்று இதனினும் நுட்பமானது. ஆசுத்திரிய நாட்டு வியன்னா நகரில் காக்கப்பெற்று, 1985இல் வெளியிடப்பெற்ற கிரேக்க மொழித் தாளேடு ஒன்று, கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் எர்மப்பொல்லோன் என்னும் கப்பல் ஏற்றிச் சென்ற சரக்கின் மதிப்பைக் குறிக்கிறது. தந்தமும் ஆடையும் கங்கைக்கரை நறுமணத் தைலமும் அதில் அடங்கும். நான்கில் ஒரு பங்கு உரோமப் பேரரசுக்கு வரி. மொத்த மதிப்பு ஏறத்தாழ 70 இலட்சம் செசுத்தர்சு என்னும் உரோமக் காசுகள். ஆண்டுதோறும் ஐந்து கோடி செசுத்தர்சு இந்தியாவுக்குப் போய்விடுகிறது என்று அதற்கு முன்னரே உரோம அறிஞர் பிளினி வருந்தி எழுதினார். பொருளியல் அறிஞர்கள் வாணிகப் பற்றாக்குறை எனப் பிற்காலத்தில் பெயரிட்டதை அவர் அன்றே கணக்கிட்டார் எனலாம். அக்கணக்கு எவ்வளவு துல்லியமானது என்பது வேறு செய்தி.

மலாக்கா நீரிணையின் பக்கம் வந்தால், சுமத்திராவின் மேற்குக் கரையில் பாருஸ் அருகே லோபு துவா என்னுமிடத்தில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு குறிப்பிடத்தக்கது. முதலாம் இராசேந்திர சோழனின் படை கடாரம் வரை வந்த 1025ஆம் ஆண்டுக்கு அறுபத்து மூன்று ஆண்டுகள் பிற்பட்டது அது. 1088ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் அதனைப் பொறித்தனர். அங்கு வரும் மரக்கலத்தின் தலைவனும் அவனைச் சார்ந்தோரும், கத்தூரியின் விலையை ஒட்டிக் கணக்கிட்ட பொன்னைக் கட்டணமாகச் செலுத்திய பின்னரே உள்ளே அடியெடுத்து வைக்க வேண்டும் என்பது அதன் கட்டளை. வரி வாங்குபவர் அரசர் அல்லர், வணிகரே. அளவுகோல் நாணயம் அன்று, நறுமணப் பொருளின் விலை. விலை ஏறினால் கட்டணமும் ஏறும். பொருளின் விலைமாற்றத்தை உள்ளடக்கிய ஓர் அளவுமுறையைத் தமிழ் வணிகர் அந்நியக் கரையில் கல்லிலேயே எழுதி வைத்தனர் என்பது, தமிழ் மாணவர் பலரும் அறியாத செய்தி.

மலாக்காவில் 1512 முதல் 1515 வரை இருந்த போர்த்துகீசியரான தோமே பிரெஸ், அத்துறைமுகத்தின் வாணிகத்தை விரிவாகக் குறித்து வைத்தார். மேற்கிலிருந்து வரும் சரக்குக்கு நூற்றுக்கு ஆறு வரி. கிழக்கிலிருந்து வருவோர் வரிக்கு மாறாக அன்பளிப்புச் செலுத்தினர். அன்பளிப்பை எந்தப் பத்தியில் எழுதுவது என்னும் சிக்கல் அன்றே தொடங்கிவிட்டது.

இவை அனைத்திலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. அளந்தவர் துறைவாயிலில் நின்று அளந்தார். வாயிலைக் கடந்தது அவர் கண்ணுக்குத் தெரிந்தது. பொருள் எங்கே விளைந்தது, யார் சுமந்தார், கடலில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பன அவர் கேட்க வேண்டிய கேள்விகள் அல்ல.

மூன்றாவது கேள்வியைக் கேளாததனால் நேர்ந்த கேட்டுக்கு, தமிழ்க்கடலிலேயே தக்க சான்று உண்டு. மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பில், குளிப்புக்கு முன்னரே அதன் மதிப்பை அறியும் முறையொன்று பல காலமாக வழங்கியது. பாரிலிருந்து சில ஆயிரம் சிப்பிகளை மாதிரியாக எடுத்து, அழுகவிட்டுக் கழுவி, கிடைத்த முத்துகளைத் தரம்பிரித்து மதிப்பிடுவர். ஆயிரம் சிப்பிக்கு இத்தனை உரூபாய் என்னும் விலை தேறினால் குளிப்பு அறிவிக்கப்படும். தேறாவிட்டால் பார் ஓராண்டோ ஈராண்டோ விட்டுவைக்கப்படும். இன்றைய மாதிரிக் கணக்கெடுப்பின் தத்துவம் முழுவதும் இதில் அடங்கியிருந்தது. 1905ஆம் ஆண்டு இலங்கையின் மரிச்சுக்கட்டியில் நடந்த குளிப்பில் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசுக்கு மூன்றில் இரு பங்கு, குளித்தவர்க்கு ஒரு பங்கு. பரதவரும் முசுலிம்களும் அரபு நாட்டினரும் மூச்சடக்கி மூழ்கி எடுத்த அச்செல்வம், இலங்கை அரசுக்கு வரலாறு காணாத வருவாயாயிற்று. அவ்வருவாயைக் கண்டு, மறு ஆண்டே இருபது ஆண்டுகளுக்குப் பார்கள் ஓர் ஆங்கிலக் கம்பெனிக்குக் குத்தகைக்கு விடப்பட்டன. 1907க்குப் பின் பார்களில் சிப்பி இல்லை. சில ஆண்டுகளில் கம்பெனியும் கலைந்தது. அடுத்த பெருங்குளிப்புக்கு 1925 வரை காத்திருக்க நேர்ந்தது. கையில் வந்த முத்தின் விலையை நுட்பமாக அளந்தவர்கள், கடலடியில் எஞ்சிய சிப்பியின் இருப்பை அவ்வாறு அளக்கவில்லை. வருவாயும் முதலும் ஒன்றல்ல என்பது சிறு கடை வைத்திருப்பவனுக்கும் தெரியும். அதனைக் கடலுக்குப் பொருத்திப் பார்ப்பதற்கு உலகம் மேலும் ஒரு நூற்றாண்டு எடுத்துக்கொண்டது.

இனி மலாயாவுக்குத் திரும்பலாம். 1874ஆம் ஆண்டு பங்கோர் உடன்படிக்கைக்குப் பின் பேராக்கில் ஆங்கிலேயர் செல்வாக்கு வேரூன்றியது. அரசின் தலையாய வருவாய் ஈய ஏற்றுமதித் தீர்வை. ஈயத்தைக் கடலுக்குக் கொண்டுசெல்லவே, தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை மலாயாவின் முதல் இருப்புப்பாதை 1885இல் திறக்கப்பட்டது. அதனை அமைப்பதற்கு இலங்கையிலிருந்து தொழிலாளர் படையினர் வரவழைக்கப்பட்டனர். போர்ட் வெல்ட் இன்று கோலா செப்பெத்தாங் எனப் பெயர் பெற்றுள்ளது. கிந்தாவின் ஈயமோ தெலுக் ஆன்சன் துறைமுகம் வழியாகவும் பினாங்கு வழியாகவும் வெளியேறியது. தெலுக் ஆன்சனே 1982 முதல் தெலுக் இந்தான் ஆயிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலக ஈயத்தில் ஏறத்தாழப் பாதி மலாயாவிலிருந்து சென்றது. அதில் கிந்தாவின் பங்கே பெரிது. ஈயத்தைத் தொடர்ந்து ரப்பர் வந்தது.

சிம்பாங் பூலாய் போன்ற ஊர்களின் அன்றாட வாழ்வு, அக்காலத்தில் கடலை நம்பியே நடந்தது என்றால் மிகையாகாது. தோட்டத்தில் பால் வெட்டியவர் உண்ட அரிசி பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் கப்பலில் வந்தது. இரண்டாம் உலகப்போருக்கு முன்னர் மலாயா உண்ட அரிசியில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு இறக்குமதியே. அவர்தம் குழம்பில் கிடந்த கருவாடும் நெத்திலியும் கடலிலிருந்து வந்தன. அவர் உருட்டிக் காயவைத்த ரப்பர் விரிப்புகள் கப்பலில் சென்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, அவரே கப்பலில் வந்தவர். நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ ஏறி, பினாங்குத் துறைமுகத்தில் தடுப்புமுகாமில் தங்கி, கங்காணியின் பின்னே ரயிலேறி வந்தவர். 1926இல் கட்டப்பெற்ற ரஜூலா என்னும் கப்பல், மலேசியத் தமிழரின் நினைவில் ஓர் உறவினர் பெயர்போல நிலைத்திருப்பதற்குக் காரணம் இதுவே.

இம்மக்களை அரசு எண்ணாமல் விடவில்லை. மிகக் கவனமாக எண்ணியது. 1907இல் ஏற்படுத்தப்பட்ட தமிழர் குடியேற்ற நிதிக்கு, ஒவ்வொரு தோட்ட முதலாளியும் தம்மிடம் உழைத்த தமிழ்த் தொழிலாளரின் வேலை நாள்களைக் கணக்கிட்டுக் கட்டணம் செலுத்தினார். அந்நிதியிலிருந்து கப்பற்கட்டணம் கொடுக்கப்பட்டது. எத்தனை பேர் வந்தனர், எத்தனை பேர் திரும்பினர் என்பதெல்லாம் ஆண்டறிக்கைகளில் ஏறின. உலகப் பொருளாதார மந்தத்தின்போது, 1930 முதல் 1932 வரை, இலட்சத்துக்கு மேற்பட்டோர் திருப்பி அனுப்பப்பட்டதும் ஏறியது. 1786 முதல் 1957 வரை மலாயாவுக்குள் வந்த இந்தியர் நாற்பது இலட்சத்துக்கு மேல் என்று, அவ்வறிக்கைகளைத் திரட்டிக் கெர்னியல் சிங் சந்து 1969இல் வெளியிட்ட நூலில் கணக்கிட்டுக் காட்டினார். ஆக, எண் இருந்தது. ஆனால் அந்த எண் எந்தப் பத்தியில் இருந்தது? ரப்பரும் ஈயமும் ஏற்றுமதிப் பத்தியில் மதிப்பாக நின்றன. அவற்றை உண்டாக்கியவர், கட்டணம் கட்டப்பட்ட பயணியாக, அதாவது செலவாக நின்றார். 1922 முதல் 1928 வரை நடைமுறையில் இருந்த ஸ்டீவன்சன் திட்டத்தில், ஒவ்வொரு தோட்டமும் எவ்வளவு ஏற்றுமதி செய்யலாம் என்பது சீட்டுக்களால் வரையறுக்கப்பட்டது. துறைவாயிலில் ஒரு சீட்டு குறைந்தால், அதன் விளைவு கிந்தாவின் லயத்தில் வேலைநாள் குறைவாக வந்து சேரும். கணக்குப் புத்தகமோ துறைவாயிலோடு முடிந்துவிடும்.

மீனின் கணக்கு இதைவிடக் கடினமானது. ரப்பர் விரிப்பைப் போல மீன் ஒரே வாயிலில் வந்து நிற்பதில்லை. மலாயாவின் மீன்வளத்தை ஆராய ஆசுத்திரேலியாவிலிருந்து அழைக்கப்பட்ட டேவிட் ஸ்டெட் 1923இல் பொதுவறிக்கை ஒன்றை வெளியிட்டார். அத்தகைய அறிக்கைகள் மீன் வகைகளையும் வலைகளையும் வளர்ச்சி வாய்ப்புகளையும் விரித்துரைத்தன. மீனவக் குடும்பத்தின் பொருளியலை உள்ளே சென்று அளந்தவர்கள் மானிடவியலாரே. இலண்டனிலிருந்து வந்த ரேமண்ட் பர்த்தும் அவர் மனைவி ரோஸ்மேரி பர்த்தும் 1939-40இல் கிளந்தான் கடற்கரையிலுள்ள பெருப்போக் என்னும் சிற்றூரில் தங்கினர். கணவர் கடற்கரையில் நின்று, ஒவ்வொரு வலைக்குழுவும் நாள்தோறும் கொண்டுவந்த மீனையும் அதன் விலையையும், நீருக்குள் மூழ்கி மீன்கூட்டத்தின் ஒலியைக் கேட்டறியும் வல்லுநர்க்கும் வலை உடையவர்க்கும் துடுப்பு வலித்தவர்க்கும் அது பங்கிடப்பட்ட முறையையும் எழுதினார். மனைவி வீடுகளுக்குள் சென்று, குடும்பம் என்ன வாங்கியது, என்ன உண்டது, பெண்கள் சந்தையில் என்ன விற்றனர் என்பதை எழுதினார். அவர் நூல் 1943இலும் கணவர் நூல் 1946இலும் வெளிவந்தன. பின்வந்த பொருளியலார் கணவரின் நூலையே பெரிதும் எடுத்தாண்டனர். மீன் கரைக்கு வந்த பின்னர் அதனைக் காயவைத்து, உப்பிட்டு, விற்று, அப்பணத்தைக் கையில் வைத்துக் குடும்பத்தை நடத்திய பெண்களின் உழைப்பு, அவர் மனைவியின் நூலில்தான் இருந்தது. இவ்விரு நூல்களையும் ஒன்றாக வைத்துப் படித்திருந்தால், கடற்பொருளியல் ஆய்வு நாற்பது ஆண்டுகள் முன்னதாகவே முதிர்ந்திருக்கும்.

ஒரு சிற்றூரில் இயன்றதை ஒரு நாடு முழுவதற்கும் செய்வது எப்படி? இவ்வினாவுக்குத் தமிழ்மண்ணில் விடை தேடப்பட்டது. 1947இல் நிறுவப்பெற்ற இந்திய மையக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், கொச்சிக்கு மாறும் வரை இராமநாதபுரக் கரையின் மண்டபத்தில் இயங்கியது. கட்டுமரங்கள் நூற்றுக்கணக்கான மணல்வெளிகளில், இரவும் பகலும், விரும்பிய இடத்தில் கரையேறின. எல்லாவற்றையும் எண்ணுதல் இயலாது. எனவே, கரையை மண்டலங்களாகவும் காலத்தை மாதங்களாகவும் நாள்களாகவும் பிரித்து, அவற்றிலிருந்து சீட்டுக் குலுக்குவது போல இடத்தையும் நாளையும் தேர்ந்து, அங்கு அன்று வந்த படகுகளுள் சிலவற்றை மட்டும் அளந்து, மொத்தத்தை மதிப்பிடும் பல்படி மாதிரிமுறை உருவாக்கப்பட்டது. முத்துப்பாரின் பழைய மாதிரிமுறையை நினைவூட்டும் இம்முறையில் ஒரு சிறப்புண்டு: மதிப்பீட்டில் எவ்வளவு பிழை இருக்கக்கூடும் என்பதையும் கணக்கே சொல்லிவிடும்.

கடல் முழுவதையும் ஒரே பொருளியல் துறையாகக் கருதி, நாட்டு வருமானத்தில் அதன் பங்கு என்ன என்று கேட்கும் வழக்கம் 1970களில்தான் தொடங்கியது. அதற்கு அரசியற் காரணம் இருந்தது. கரையிலிருந்து 200 கடல் மைல் வரை நாடுகள் உரிமை கொண்டாடத் தொடங்கிய காலம் அது. மலேசியா 1980இல் தன் பொருளியல் மண்டலத்தை அறிவித்தது. 1982இல் ஐக்கிய நாட்டுக் கடற்சட்ட உடன்படிக்கை உருவாயிற்று. உரிமை கொண்டாடும் சொத்தின் மதிப்பை அறிய யாரும் விரும்புவர். அமெரிக்காவில் பொன்டிகோர்வோவும் அவர் குழுவினரும் 1980இல் வெளியிட்ட கட்டுரை, 1972ஆம் ஆண்டு நாட்டு வருமானத்தில் கடற்றுறையின் பங்கு நூற்றுக்கு மூன்றுக்கும் குறைவே என்று மதிப்பிட்டது. அவர்கள் வற்புறுத்திய கருத்து, விற்பனைத் தொகையைக் கூட்டக்கூடாது, ஒவ்வொரு படியிலும் புதிதாகச் சேர்ந்த மதிப்பை மட்டுமே கூட்ட வேண்டும் என்பதாகும்.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். பங்கோர்த் தீவின் மீனவர் நெத்தலியைப் பத்து வெள்ளிக்கு விற்கிறார் என்று கொள்வோம். அவித்து உலர்த்துபவர் அதைப் பதினெட்டுக்கும், மொத்த வணிகர் இருபத்திரண்டுக்கும், சிம்பாங் பூலாய் மளிகைக் கடைக்காரர் இருபத்தைந்துக்கும் விற்கின்றனர். விற்பனைகளைக் கூட்டினால் 75 வெள்ளி. உண்மையில் உண்டான மதிப்போ 10, 8, 4, 3 ஆகியவற்றின் கூட்டுத்தொகையாகிய 25 வெள்ளிதான். கடற்றுறையின் பெருமையைக் காட்ட விரும்புவோர் 75ஐச் சொல்ல விரும்புவர் என்பதை ஊகிக்கலாம். சிக்கல் இதோடு தீரவில்லை. அந்த 25இல் எவ்வளவு கடலுக்கு உரியது? முதல் பத்து என்பதில் ஐயமில்லை. உலர்த்தும் தொழிலும் சேரும் என்பர் பெரும்பாலோர். மளிகைக் கடையின் மூன்று வெள்ளி? அமெரிக்காவில் 1999இல் தொடங்கிய தேசியக் கடற்பொருளியல் திட்டம் இவ்வாறு எழும் ஐயங்களுக்கு இருவகை அளவுகோலைக் கையாண்டது: சில தொழில்கள் இயல்பாலேயே கடலுக்குரியவை, உணவகம், விடுதி போன்றவையோ கடற்கரையை ஒட்டிய அஞ்சல் வட்டாரத்தில் இருந்தால் மட்டுமே சேரும். அஞ்சற்குறியீட்டு எண் பொருளியலின் எல்லைக்கோடாயிற்று. அக்கோட்டின்படி பங்கோர் விடுதியில் பொரித்த நெத்தலி கடலின் கணக்கு. சிம்பாங் பூலாய் உணவுக்கடையில் நாசி லெமாக்கின் மேல் வைத்த நெத்தலி கடலின் கணக்கன்று.

கோடு எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்து விடை பெரிதும் மாறுகிறது. போர்த்துகல் நாடு, தேசியக் கணக்கோடு இணைந்து அதைச் சுற்றிவரும் துணைக் கணக்கு ஒன்றைக் கடலுக்கென 2016இல் வெளியிட்டது. 2010 முதல் 2013 வரை பங்கு நூற்றுக்கு 3.1. அமெரிக்கா 2020இல் வெளியிட்ட முதற்கணிப்பில் 2018ஆம் ஆண்டுக்கு 1.8. பரந்த வரையறை கொண்ட சீனாவில் 2010களில் ஏறத்தாழ ஒன்பது. மலேசியா போன்ற நாட்டில், கடலடி எண்ணெயையும் எரிவாயுவையும் சேர்த்தால் ஒரு விடை, விட்டால் முற்றிலும் வேறொரு விடை. பொருளியல் ஒத்துழைப்பு வளர்ச்சி நிறுவனம் 2016இல் வெளியிட்ட அறிக்கை, 2010ஆம் ஆண்டில் உலகக் கடற்பொருளியலின் மதிப்பு 1.5 இலட்சம் கோடி அமெரிக்க வெள்ளி, உலக மதிப்பில் ஏறத்தாழ 2.5 விழுக்காடு, நேரடி வேலை 3.1 கோடிப் பேருக்கு என்றது. இந்த எண்கள் உலகெங்கும் எடுத்தாளப்பட்டன. சிறுபடகு மீன்பிடிப்பு அவற்றில் முழுமையாக இல்லை என்னும் குறிப்பு அவ்வளவாக எடுத்தாளப்படவில்லை.

அக்குறிப்பில் அடங்கியிருப்போர் சிலர் அல்லர். உலக வங்கியும் துணை நிறுவனங்களும் 2012இல் வெளியிட்ட ஆய்வின்படி, மீன்பிடித் தொழிலிலும் அதைச் சார்ந்த தொழிலிலும் உழைப்போர் ஏறத்தாழ 12 கோடிப் பேர்; அவர்களுள் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் சிறுதொழிலினர்; ஏறத்தாழப் பாதி பெண்கள். டேனியல் பாலியும் டிர்க் செல்லரும் 2016இல், நாடுகள் அனுப்பிய புள்ளிகளில் விடுபட்டவற்றை மீட்டெழுத முயன்றனர். சொந்த உணவுக்காகப் பிடித்தது, கணக்கில் காட்டாமல் பிடித்தது, வலையில் சிக்கிப் பயனின்றிக் கொட்டியது ஆகியவற்றைச் சேர்த்தபோது, 1996இல் உலகக் கடல் மீன்பிடிப்பு 13 கோடி டன்னை எட்டியது எனக் கண்டனர். அதே ஆண்டுக்கு அரசுகள் அறிவித்தது 8.6 கோடி டன். அவர்தம் முறைபற்றி மாறுபட்ட கருத்துகள் உண்டு. ஆயினும், எண்ணப்படாததைப் பூச்சியம் என்று எழுதுவதும் ஒரு மதிப்பீடே, அதுவும் தவறான மதிப்பீடே, என்னும் அவர்தம் வாதம் மறுத்தற்கரியது.

பேராக் கரை இத்தவற்றின் விலையைக் கொடுத்திருக்கிறது. 1960களில் இழுவலைப் படகுகள் நீரிணையில் பெருகின. கரைக்கு வந்த மீனின் எடை கூடியது. அறிக்கைகளில் வளர்ச்சி தெரிந்தது. கரையோரச் சிறு மீனவர் வலைகள் அறுபட்டன, கடலில் மோதல்கள் மூண்டன, உயிர்களும் போயின. 1970களில் ஆய்வுக் கப்பல்கள் அளந்தபோது, அடிமட்ட மீனின் இருப்பு வேகமாகக் குறைந்தது தெரியவந்தது. கூடிய எடையில் கோழித்தீவனத்துக்குப் போகும் குஞ்சு மீனும் அடக்கம். 1981இல் கரையிலிருந்து ஐந்து கடல் மைல் வரை மரபுவழி மீனவர்க்கென ஒதுக்கப்பட்டது. மன்னார்ப் பாரில் 1907இல் கண்டதை மலாக்கா நீரிணை வேறு வடிவில் கண்டது. உலக வங்கி 2009இல் இதற்கும் ஒரு விலை கூறியது: மீன்வளத்தைச் சரியாகப் பேணாததால் உலகம் ஆண்டுதோறும் இழப்பது 5,000 கோடி அமெரிக்க வெள்ளி. 2017இல் அதனை 8,300 கோடியாகத் திருத்தியது.

மீனுக்கு அப்பால் கடலும் கரையும் தாமாகச் செய்யும் பணிகளுக்கு விலை காணும் முயற்சி 1997இல் பெரிதாகத் தலையெடுத்தது. கோஸ்டன்சாவும் குழுவினரும் இயற்கையின் ஆண்டுப் பணியை 33 இலட்சம் கோடி அமெரிக்க வெள்ளி என மதிப்பிட்டனர். அதில் கடலின் பங்கு ஐந்தில் மூன்றுக்குச் சற்று மேல். அன்றைய உலக உற்பத்தி முழுவதையும் விடப் பெரிய இத்தொகையை யார் யாருக்குக் கொடுப்பது என்று பொருளியலார் பலர் எள்ளினர். எள்ளலில் நியாயம் இல்லாமலில்லை. எனினும் மாத்தாங் காட்டை நினைத்துப் பார்க்க வேண்டும். ஏறத்தாழ 40,000 எக்டேர் பரப்புள்ள அவ்வலையாத்திக் காடு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் திட்டமிட்டு வெட்டியும் நட்டும் காக்கப்பட்டு வருகிறது. அதன் மரக்கரி வனத்துறைக் கணக்கில் உள்ளது. அதன் சேற்றில் விளையும் கெராங் சிப்பி மீன்துறைக் கணக்கில் உள்ளது. இறால் குஞ்சுகளுக்கு அது தரும் அடைக்கலமும், அலையைத் தடுக்கும் அதன் வேரும் எந்தத் துறையின் கணக்கிலும் இல்லை. 2004 திசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பின், தமிழ்நாட்டின் கடலூர் மாவட்டக் கரையில் நடந்த ஆய்வொன்று, அலையாத்தியும் பிற மரங்களும் அடர்ந்து நின்ற இடங்களுக்குப் பின்னிருந்த ஊர்கள் குறைவாகவே சேதமுற்றன என 2005இல் காட்டியது. அலையைத் தடுத்த மரத்துக்குச் சந்தை விலை விறகு விலைதான். உலக வங்கி 2021இல் வெளியிட்ட நாடுகளின் செல்வக் கணக்கில், அலையாத்திக் காடும் கடல்மீன் இருப்பும் முதன்முறையாகச் சொத்துப் பட்டியலில் ஏறின. முதலையும் வருவாயையும் பிரித்தறியும் பழைய கடைக்காரனின் அறிவு, ஒருவாறு கடலுக்கு வந்து சேர்ந்தது.

அண்மைய முயற்சி, பணத்தோடு நில்லாமல் கடலின் நிலை, கடலிலிருந்து பெறுவது, கடலுக்குள் விடுவது, இவற்றில் பங்குபெறும் மக்கள் ஆகிய அனைத்தையும் இணைத்துக் காட்டும் கடற்கணக்கு. ஆசிய பசிபிக் பகுதிக்கான ஐக்கிய நாட்டு ஆணையத்தின் துணையோடு 2019இல் சீனா, மலேசியா, சமோவா, தாய்லாந்து, வியட்நாம் ஆகிய ஐந்து நாடுகளில் இதற்கான முன்னோட்டம் நடந்தது. இக்கணக்கின் சிறப்பு, நிலத்திலிருந்து ஆற்று வழியே கடலை அடையும் கழிவையும் வண்டலையும் எழுதுவதற்கு ஒரு பத்தி ஒதுக்கியிருப்பதாகும். சிம்பாங் பூலாய் அருகே ஓடும் ராயா ஆறு கிந்தா ஆற்றில் கலக்கிறது. கிந்தா பேராக் ஆற்றில் கலக்கிறது. பேராக் ஆறு நீரிணையில் விழுகிறது. நீர்பாய்ச்சி மண்ணைக் கரைத்து ஈயம் எடுத்த காலத்தில், கிந்தாவின் ஆறுகள் எல்லாம் வண்டலால் மேடிட்டன. ஏற்றுமதியான ஈயம் இறுதிப் பிகல் வரை எழுதப்பட்டது. அதனோடு இறங்கிப்போன மண்ணை எழுதுவதற்குப் பத்தி இல்லை. இனி அதுபோன்றதை எழுதலாம். சிம்பாங் பூலாய் முதன்முறையாகக் கடலின் கணக்கில் இடம்பெறுவதானால், அது கீழே அனுப்பும் சேற்றின் பெயரால்தான் இடம்பெறும். அவ்வூரார் கடல்வழி வந்ததற்கும், கடல்வழிச் சென்ற ரப்பருக்கும், அவர்தம் பாட்டிமார் சட்டியிலிட்ட கருவாட்டுக்கும் உரிய பத்திகள் இன்னும் வரையப்படவில்லை.